நெஞ்சளவு

பெயர் வைக்கும்போது யாரும் பிள்ளையைக் கேட்டுக்கொண்டு வைப்பதில்லை. கேட்டிருந்தால் உக்கிரபாண்டி கொஞ்சம் சாதுவான பெயராகச் சொல்லியிருப்பான். இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒருவன் எங்கே போய்ச் சொல்வது?

விருதுநகர் மைதானத்தில் போலீஸ் வேலைக்கான உடல்தகுதித் தேர்வு. வரிசையில் நின்ற உக்கிரபாண்டிக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. உயரம் அளந்தாகிவிட்டது. அடுத்து நெஞ்சளவு. மூச்சை விட்டு ஓர் அளவு, இழுத்துப் பிடித்து ஓர் அளவு. ஐந்து சென்டிமீட்டராவது விரிய வேண்டும். விரியாவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறலாம். வயது வரம்புப்படி அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. எழுத்துத் தேர்வில் தேறிய அன்றே அம்மா கருத்தம்மாள், மகன் போலீஸாகிவிட்டான் என்று பாதி ஊருக்குச் சொல்லிவிட்டாள். மீதி ஊருக்கு மாமன் மகன் மருதுபாண்டி சொன்னான். அவனும் தேர்வுக்கு வந்து, இதோ இரண்டு பேர் தள்ளிப் பின்னால் நிற்கிறான்.

மருதுபாண்டியிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்று. அதனாலேயே மூச்சு விஷயத்தை அவனிடமிருந்து மறைத்தான். மற்றவர்களிடமிருந்தும் மறைத்தான்.

அப்பாவை லோடு ஆட்டோவில் போட்டு அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோன மத்தியானத்திலிருந்து பிடித்த வினை இது. அவர் தலை இவன் மடியில் இருந்தது. டவுனுக்குள் நுழையும் முன்னே அவர் ஒரு மூச்சை விட்டார். இவன் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தான். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் காத்திருந்தான்.

அதற்குப் பிறகு பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், ஒன்றுமில்லாமல் சும்மா படுத்திருக்கும்போது, எங்கே வேண்டுமானாலும் வந்தது. காற்று தொண்டையோடு நின்றுவிடும். வாயைப் பிளந்து இழுப்பான். எவ்வளவு இழுத்தாலும் போதாது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும். வீட்டில் தூசி அலர்ஜி என்று சொல்லிவைத்தான். கரிசல்காட்டில் தூசிக்கா பஞ்சம்? நம்பிவிட்டார்கள்.

அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்தார். "நெஞ்சு நல்லா இருக்கு. இது பயத்தால வர்றது தம்பி. வாராவாரம் வாங்க, சரி பண்ணிரலாம்" என்றார். பயமா? உக்கிரபாண்டிக்கா? ஏதாவது வியாதியின் பெயரைச் சொல்லியிருந்தால்கூட நிம்மதியாகக் கேட்டிருப்பான். படியிறங்கியவன் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டான். தண்ணீரில்லாத கண்மாய்க்குள் விடியற்காலையில் ஓடினான். ஓடும்போது ஒன்றும் செய்யாது, நிற்கும்போதுதான் தொல்லை. நெஞ்சு விரிவதற்காக மூச்சை இழுத்து இழுத்து அடக்கிப் பழகினான். தேர்வுக்குத் தயாரான இளவட்டங்கள் எல்லோருமே அப்படித்தான், சண்டைக்கோழிபோல நெஞ்சைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். முட்டினால் இழு, இன்னும் முட்டினால் இன்னும் இழு. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற இந்த வைத்தியத்தை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ.

"அடுத்து."

டேப் வைத்திருந்த ஏட்டு காலையிலிருந்து வெயிலில் நிற்பவர். சட்டையில்லாத முதுகைச் சுற்றி டேப்பை இழுத்தார்.

"மூச்ச விடு."

விட்டதாக நினைத்தான்.

"இப்ப இழு."

கண் பிதுங்க இழுத்தான். டேப் அசைந்தும் அசையாமலும் நின்றது.

"ரெண்டுகூட விரியலையேப்பா. இந்த ஒடம்புக்கு இவ்வளவுதானா?" ஏட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஓரமா நில்லு. ரெண்டு பேரு முடியட்டும், இன்னொரு தரம் பாக்குறேன். அதோட சரி."

ஓரமாக நின்றான். விரல்கள் மரத்தன. ஊரில் வீட்டு வாசலில் காத்திருக்கும் அம்மாவின் முகம் வந்து வந்து போனது. அவளிடம் என்னவென்று சொல்வது? சுண்டுவிரல் நீளம் விரியவில்லை என்றா?

"ஏலே மாப்ள, நல்லா இழுலே! பலூன் கணக்கா ஊதுலே!" என்று வரிசையிலிருந்து மருதுபாண்டி கத்தினான். இழுத்தான். இன்னும் மோசமானது.

"வாப்பா."

இந்தத் தடவை ஏட்டு டேப்பைப் பார்க்காமல் அவன் நெஞ்சையே பார்த்தார். "நீ விடவே இல்லயேப்பா. முட்ட முட்ட அடைச்சு வச்சிருக்க. நெறஞ்ச கொடத்துல எங்க ஊத்துறது? விடு."

"விட்டுட்டேன் சார்."

"எங்க விட்ட? தோளு ரெண்டும் காதுகிட்ட நிக்குது. மூச்ச விடுறதுல ஒனக்கு என்ன கஷ்டம்?"

அடுத்த ஆளாக மருதுபாண்டி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் திருச்சுழி பஸ் ஸ்டாண்டுவரை சேதி போய்விடும். திறக்காவிட்டால் வேலை போய்விடும். மானமா வேலையா என்று நின்று யோசிக்கக்கூட மூச்சு மிச்சமில்லை.

"விட்டா... திரும்ப வராதுன்னு பயமா இருக்கு சார்."

ஆரம்பித்தது நிற்கவில்லை. "எங்கப்பாவுக்கு வரல சார். எம் மடியிலதான் கெடந்தாரு. விட்டாரு, பெறகு வரவே இல்ல. அன்னையிலருந்து பயம் சார். ரெண்டு வருசமா பயம்."

கடைசி வார்த்தைக்குக் காற்று போதாமல் குரல் தேய்ந்தது. கண்ணீர் வந்துவிட்டது. தோள்கள் இறங்கின. டேப் தொளதொளத்தது. ஏட்டு அதைச் சுருக்கி அளவைப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப இழு. அவசரமில்ல."

ஒரு கணம் உள்ளே ஒன்றுமே இல்லை. செத்தோம் என்றுதான் நினைத்தான். பிறகு அவன் இழுக்காமலே மூச்சு வந்தது. அடிவயிறுவரைக்கும் வந்தது.

"ஆறு" என்றார் ஏட்டு, பக்கத்தில் எழுதுகிறவரிடம். "அடுத்து."

மருதுபாண்டியும் தேறி வந்தான். வந்தவன் வாயே திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. கேலி செய்து தொலைத்திருந்தால்கூட உக்கிரபாண்டிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியாக ஓட்டம். கோட்டில் வரிசையாக நிறுத்தினார்கள். அத்தனை பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். விசில் ஊதவேண்டியவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நிற்கிற நேரமல்லவா, மறுபடியும் முட்டியது. ஒரே நாளில் போய்விடுகிற வினையா அது? உக்கிரபாண்டி வாயைப் பிளந்து இழுக்கத் தொடங்கினான்.

மருதுபாண்டி திரும்பிப் பார்த்தான். மெதுவாகப் பேசுவது அவனுக்குப் பிறவியிலேயே வராது.

"ஏலே மாப்ள! பயந்தா பயந்துட்டுப் போ! மூச்ச மட்டும் விட்ருலே!"

மைதானமே திரும்பியது. உக்கிரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்புக்காகக் காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற வீரசோழன் ஊர்க்காரன் ஒருவன் உஸ்ஸென்று மூச்சை விட்டான். அவனுக்கு அடுத்தவனும் விட்டான். கோடு நெடுக, தூக்கி நின்ற நெஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கின.

அடப்பாவிகளா, நீங்களுமா என்று நினைத்துக்கொண்டு உக்கிரபாண்டியும் விட்டான். விசில் ஊதினார்கள்.