பியானோவின் வயிற்று விளக்கு

சவுந்தரம் டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகு காது. பத்து நாள் காய்ச்சல் லீவு முடிந்து அந்தச் சனிக்கிழமை காலை கோவில் மண்டபத்துப் பியானோவின் முன் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தியபோது இரண்டும் ஒன்றாகச் சிவந்தன. அழுத்திய கட்டை கீழே போனது போனதுதான், மேலே வரவில்லை. அடுத்ததும் அப்படியே. விரலைத் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய்.

மறுநாள் மாலை அந்தோணியார் திருநாள். அவளிடம் படிக்கும் பதினோரு பெண்கள் பாட, அவள் வாசிக்க வேண்டும். வாசிப்பு கெட்டால் என்ன ஆகும் என்பதை மண்டபக் கமிட்டித் தலைவர் ஞானமுத்து அவள் லீவு கேட்டபோதே சொல்லிவிட்டார். அவர் துறைமுகத்தில் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். ஆபீசில் பேசுகிற மாதிரிதான் கோவிலிலும் பேசுவார்.

"இந்தத் திருநாளோட பாத்துடுவோம் டீச்சர். ஒழுங்கா சத்தம் வந்தா இருக்கட்டும். இல்லாட்டி திங்கக்கிழமை லேலாங்குக்கு ஏத்திடுவோம்லா."

ஏலத்துக்குப் போய்விட்டால் அவளுக்கு வேறு பியானோ இல்லை. சொந்தமாக வாங்கிப் போட அவள் என்ன தோட்டத் துரையின் மனைவியா? பதினான்கு வருஷம் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இந்த ஒரு பெட்டியில்தான்.

ஞானமுத்துவுக்குப் புது மோகம் பிடித்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் கோவிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த மின்சார கிராமபோன், மண்டபத்து மூலையில் பளபளவென்று நின்றது. "தட்டப் போட்டா பாடுது. கோவிச்சுக்காது, லீவு கேக்காது," என்று அவர் சொல்லும்போதெல்லாம் கமிட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். கோவிச்சுக்கிற ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

டீச்சர் குனிந்து பியானோவின் அடிப்பலகையைக் கழற்றினாள். உள்ளே அவள் வைத்த சின்ன பல்பு அணைந்து கிடந்தது. செருப்பில்கூட பூஞ்சை பூக்கிற ஊர் பினாங்கு. கடல் ஈரம் மரத்துக்குள் போனால் கட்டைகள் உப்பி இறுகிப்போகும். அதனால்தான் ராப்பகலாய் அந்த விளக்கு பியானோவின் வயிற்றில் எரிந்தது. மண்டபத்தில் இருந்ததோ ஒரே பிளக்குத் துளை. விளக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள். அது ஆணியில் தொங்கியது. துளையில் கிராமபோன் சொகுசாகக் குந்தியிருந்தது.

அப்போதுதான் விளக்குமாற்றோடு அமலம்மாள் வந்தாள். கோவிலைக் கூட்டிப் பெருக்கும் அம்மாள், டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இப்ப நல்லா வருதா டீச்சரம்மா? பத்து நாளா இறுகிப்போய் கெடந்துச்சு. நான்தான் அந்தோணியார் வெளக்குல இருந்து எண்ணெ எடுத்தாந்து இடுக்குல எல்லாம் ஊத்துனேன். என் முட்டி வலி அதுலதானே போச்சு!"

டீச்சர் கத்தியே விட்டாள். "அக்கா! இது முட்டியா? மரம் அக்கா, மரம்! யாரைக் கேட்டு ஊத்துனீங்க?"

அமலம்மாளின் முகம் சுருங்கியது. "சாமி எண்ணெதானே..." என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சாமி எண்ணெயைத் திட்ட முடியுமா? இந்த அம்மாளைத்தான் திட்ட முடியுமா? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். ஆனால் பிடிக்க நினைத்தது பிள்ளையாரைத்தானே. எரிகிற விளக்கைப் பிடுங்கி எறிந்த ஆள் வேறு. டீச்சரின் கோபம் அங்கேயே இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

"அழாதீங்க. பழைய வேட்டித்துணி கொண்டாங்க. முகப்பவுடரும்."

அந்தப் பழங்காலப் பியானோவின் எண்பத்தைந்து கட்டைகளையும் ஒவ்வொன்றாக உருவினாள். ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருந்தது. வராந்தாவில் பாய் விரித்து, எண் மாறாமல் அடுக்கினார்கள். வெயில் நேராகப் பட்டால் கட்டைமேல் ஒட்டிய தந்தம் வெடிக்கும். அனல் மட்டும் பட வேண்டும். டீச்சர் எண்ணெயைத் துடைத்துப் பவுடர் போட்டு மறுபடி துடைத்தாள். வடகம் காயப்போட்டவளைப் போல அமலம்மாள் காக்கைக்குக் காவல் உட்கார்ந்தாள்.

மத்தியானம் ஞானமுத்து வந்தார். பாயைப் பார்த்துச் சிரித்தார். "கழட்டியாச்சா? லேலாங்காரனுக்கு வேல மிச்சம்."

"கிராணி அண்ணே, என் பிளக்க யாரு புடுங்கினது?"

"அட, ஒரு பல்புதானே டீச்சர்!"

"ஒரு பல்புதான். உங்க ஆபீசு கூரையில ஒரு ஓடுதான் போச்சுன்னு வெச்சுக்குங்க. பத்து நாள் மழையில கணக்குப் புத்தகத்த வெச்சுப் பாருங்க."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நாளைக்கு மொதல்ல தட்டு. மிச்ச நேரம் இருந்தா நீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று டீச்சர் அவர் காதில் விழும்படியே சொன்னாள்.

ஞாயிறு மாலைக்குள் எண்பது கட்டைகள் உயிர் பிழைத்தன. ஐந்து செத்தது செத்ததுதான். அதில் ஒன்று திருநாள் பாட்டின் உச்சத்தில் வருகிற கட்டை.

மண்டபம் நிறைந்திருந்தது. கிராமபோன் முழங்கியது. தட்டு பாடப் பாட, ஜனங்கள் மீன் விலை பேசினார்கள், பிள்ளைகளை அதட்டினார்கள், காப்பி குடித்தார்கள். ஒருவர்கூட அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் அவர்களைப் பார்க்கவில்லை. ஒரு தட்டு, இரண்டு, ஐந்து. பதினோரு பெண்களும் வெள்ளைக் கவுனில் வியர்த்து நின்றார்கள். ஞானமுத்து ஆறாவது தட்டை வைத்தார்.

டீச்சர் எழுந்தாள். நேராகச் சுவரிடம் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

பாட்டு இழுத்து இழுத்து முனகி நின்றது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் தன் விளக்கின் கம்பியைத் துளையில் செருகினாள். பியானோவின் அடியில் மஞ்சள் வெளிச்சம் கசிந்தது.

"டீச்சர்! என்னா இது, கச்சாவ் பண்றீங்க, கலாட்டாவா?" ஞானமுத்து பாய்ந்து வந்தார்.

"எனக்கு உசிரு உள்ள பாட்டு வேணும்," என்றாள். உட்கார்ந்து வாசித்தாள்.

பெண்கள் பாடினார்கள். மீன் விலை நின்றது. ஒவ்வொரு செத்த கட்டையிலும் பாட்டு தடுக்கி எழுந்தது, ஜனங்களும் கூடவே மூச்சைப் பிடித்தார்கள். உச்சம் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பெண்களும் குரல் எட்டாமல் நிறுத்திவிட்டார்கள். விரல் விழுந்தது; சத்தம் இல்லை. அந்தப் பள்ளத்தில் பின்வரிசையிலிருந்து அமலம்மாளின் கரகரத்த குரல் தனியாக எழும்பியது. சுருதி கொஞ்சம் தப்பு. அடுத்த தடவை அதே இடத்தில் முன்வரிசையும் சேர்ந்தது. மூன்றாம் தடவை மண்டபம் முழுக்க.

"சுருதி, சுருதி!" என்று டீச்சர் பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும் முன்பே ஞானமுத்து சுவர்ப்பக்கம் நகர்ந்தார். அங்கே அமலம்மாள் ஏற்கெனவே நாற்காலியைப் போட்டு, பிளக்குத் துளைக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தாள். விளக்குமாறு மடியில் இருந்தது.

"எந்திரிங்க அமலம்மா."

"முட்டி வலிக்குது கிராணி," என்றாள் அமலம்மாள். "எந்திரிக்க முடியாது."