எடுக்காத பொட்டலம்

இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியைத்தான் வைத்துக் கட்டினேன். இதை முதலில் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொன்னால் நானும் அந்த வக்கீலைப் போல ஆகிவிடுவேன்.

எடப்பாடியில் எங்களுக்குத் தறி வீடு. மாசி மாதத்தில் ஒரு காலை, வெறிநாய் ஒன்று தெருவுக்குள் புகுந்து, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் இரண்டு பிள்ளைகளையும் கடித்தது. எட்டு வயது பெரியசாமிக்குக் கன்னத்தில். ஐந்து வயது பூவாத்தாளுக்குக் குதிகாலில். டிஸ்பென்சரி டாக்டர் காயத்தைக் கழுவினார். இரண்டு பேரையும் உடனே சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வயிற்றில் பதினான்கு ஊசி போட வேண்டும் என்றார்.

வயிற்றில், பதினான்கு. ஆசுபத்திரி என்றாலே எனக்குப் பயம். என் அண்ணன் காய்ச்சலோடு ஆசுபத்திரிக்கு நடந்து போனவன். வண்டியில் பாய் சுற்றித்தான் திரும்பி வந்தான். என் வீட்டுக்காரர் குமாரசாமிக்கு அரை மனசு. "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாத்துரலாம்" என்றார்.

முடிவெடுக்க முடியாத காரியத்துக்கெல்லாம் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வித்தியாசம் தெரியாமல் கட்டி மாரியம்மன் காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சேலம். சிவப்பு வந்தால் ஆத்தாளின் திருநீறும் நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாக் கஞ்சியும். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

பொட்டலம் கட்டுகிற வேலை என்னுடையது. பூவரச இலையில் வைத்து, எங்கள் தறி நூலாலேயே கட்டினேன். ஆத்தா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா என்கிற கொழுப்பு. பூவாத்தாள்தான் எடுத்தாள். பிரித்ததும் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிச்சப் பொட்டலத்தைக் கிணற்றில் போடப் போனேன், கை வரவில்லை. மடியில் செருகிக்கொண்டு வந்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.

இருபதாம் நாள் பெரியசாமி தண்ணீர்ச் சொம்பைப் பார்த்து அலறினான். தாகம், தாகம் என்று அழுவான். சொம்பைக் கிட்டே கொண்டுபோனால் தொண்டை இழுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் குடத்தைச் சாய்க்கிற சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போட்டது. மூன்றாம் நாள் போய்விட்டான். தவித்த வாய்க்கு ஒரு சொட்டு ஊற்ற முடியாத தாய் நான்.

டாக்டர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். பிள்ளையை அசட்டையாகச் சாகவிட்டார்கள் என்று எங்கள் இரண்டு பேர் மேலும் கேஸ் ஆனது. எங்களுக்காக வாதாட சங்ககிரி வக்கீல் தண்டாயுதபாணி தானாகவே வந்தார். அவருக்கு அது எங்கள் கேஸே இல்லை. "இது மதச் சுதந்திரத்தைப் பத்தின வழக்கும்மா. ஜனங்களோட சாமி விஷயத்துல தலையிட மாட்டோம்னு வெள்ளைக்கார ராணி காலத்துலயே சர்க்கார் வாக்குக் குடுத்திருக்கு. நீங்க அசட்டையா இருக்கல. உண்மையான பக்தியோட கேட்டீங்க, அம்மன் சொன்னா, நடந்தீங்க. அதுதான் நம்ம கட்சி" என்றார்.

எனக்கு வேறு கவலை. "ஏனுங்க, பூவாத்தாளையும் அதே நாய்தானுங்க கடிச்சுது. இவளையாச்சும் சேலத்துக்குக் கொண்டு போறமுங்க" என்றேன்.

வக்கீல் துள்ளி எழுந்தார். "தீர்ப்பு வர்ற வரைக்கும் கூடவே கூடாது. பொண்ணுக்கு ஊசி போட்டா, பையனுக்கு ஏன் போடலைன்னு கோர்ட்டுல கேப்பாங்க. பக்தி பொய்யின்னு ஆயிடும். ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவீங்க."

"ஆத்தா சொன்னது ரெண்டு புள்ளைக்கும்தான். வாக்கை மீறினா இவளையும் எடுத்துக்குவா" என்றார் வீட்டுக்காரர்.

அவரிடம் உண்மையைச் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். மகனைக் கொன்றவள் நீதான் என்று அவர் பார்க்கப் போகிற பார்வையை நினைத்து மூன்று முறையும் விழுங்கினேன். வெட்கங்கெட்ட பயம். தினமும் விடிந்ததும் ஒரு சொம்பு தண்ணீரோடு பூவாத்தாள் பக்கத்தில் போய் உட்காருவேன். அவள் குடித்து முடிக்கிற வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். குடித்துவிட்டால் அன்றைக்கு ஒரு நாள் எனக்கு உயிர் இருக்கும்.

நாய் கடித்து நாற்பதாம் நாள் சங்ககிரிக் கச்சேரியில், மாஜிஸ்திரேட் முன்னால் விசாரணை. கிளம்பும்போது பானைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

டாக்டர் சாட்சி சொன்னார். கடைசியில் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, "இன்னும் அந்தப் பெண் குழந்தை இருக்கிறது. கடி காலில் என்பதால் விஷம் மெதுவாக ஏறும். இப்போது ஊசி போட்டாலும் பிழைக்க வழி உண்டு. ஒவ்வொரு நாளும் அந்த வழி குறைகிறது" என்றார். தண்டாயுதபாணி எழுந்து அரை மணி நேரம் பேசினார். தாயின் பக்தி என்றார், தலைமுறை நம்பிக்கை என்றார். கூட்டம் உச்சுக் கொட்டியது. என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதுபோல்தான் அவர் முகம் இருந்தது. யோசிக்க வேண்டிய விஷயம், தீர்ப்பு இருபது நாள் கழித்து என்றார். வக்கீல் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

இருபது நாள். கடிபட்ட பிறகு பெரியசாமி மொத்தமே இருபத்திரண்டு நாள்தான் இருந்தான். விடுதலை ஆகி நான் யாரோடு வீட்டுக்குப் போவேன்?

"சாமி, நான் ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றேன்.

வக்கீல் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். "இது அன்னைக்கு எம் புள்ள எடுக்காத பொட்டலமுங்க. இதுல வெள்ளைப் பூ இருக்கோணும். பிரிச்சுப் பாருங்க."

குமாஸ்தா நூலை அறுத்தார். இலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே அரளி காய்ந்து கறுத்துப்போயிருந்தாலும் சிவப்பு சிவப்புதான்.

என் வீட்டுக்காரர் மேசை வரைக்கும் நடந்து வந்து அதைக் குனிந்து பார்த்தார். "அப்ப ஆத்தா சொல்லலியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆத்தாளைக் கேக்கவே விடலீங்க. ஆசுபத்திரிக்குப் பயந்துக்கிட்டு ரெண்டுலயும் நாந்தான் சிவப்பு வெச்சேன். இவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க சாமி. தண்டனையை எனக்குக் குடுங்க. புள்ளைய இன்னைக்கே சேலத்துக்கு அனுப்புங்க."

தண்டாயுதபாணி காகிதங்களை அடுக்கிக் கட்டினார். அவருடைய மதச் சுதந்திரத்தை நான் மேசை மேல் உதிர்த்துவிட்டேன் என்று அவருக்குக் கோபம். மாஜிஸ்திரேட் ஏதோ எழுதினார். என்னை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னார். டாக்டரிடம், மத்தியான ரயிலில் குழந்தையையும் தகப்பனையும் நீங்களே கூட்டிப்போங்கள் என்றார்.

வீட்டுக்காரர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத் தாண்டிப் போய், தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த பூவாத்தாளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

போலீஸ்காரர் என்னைத் தூணோரம் நிற்க வைத்தார். அங்கிருந்து கச்சேரி வாசல் தெரிந்தது. வாசலில் தண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள். பூவாத்தாள் அவர் தோளிலிருந்து அதைக் காட்டினாள்.

"அய்யா, தண்ணி."

அவர் நின்றார். சொம்பில் மொண்டு அவள் வாய்க்கு நேரே பிடித்தார். அவள் சொம்பைப் பார்த்தாள். ஒரு நொடிதான் பார்த்தாள். அதற்குள் நான் ஆத்தாளைக் கூப்பிட்டேன். உண்மையாக அவளைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

குடித்தாள். முதல் மடக்கு இறங்கியது. இரண்டாவது இறங்கியது. பிறகு டாக்டர் வந்து, ரயிலுக்கு நேரமாகிறது என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.