எங்கே போகிறீர்கள் என்று கேட்ட பெட்டி

போனைத் திறந்தால் திடீரென்று குதித்து வந்து வழியை மறிக்கும் பெட்டிகள் இருக்கின்றனவே, ‘அனுமதிக்கவா?’, ‘நிச்சயமாகவா?’ என்று நச்சரிப்பவை, அவற்றை எழுதுகிறவர்களும் மனிதர்கள்தாம். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், நாரந்தனையில் நிலக்சனாவுக்கு அதுதான் வேலை. கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செய்தாள். எந்தப் பெட்டி எப்போது வரவேண்டும், எதைத் தொட்டால் ஒழியவேண்டும், அதில் என்ன எழுதியிருக்கவேண்டும் எல்லாம் அவள் பொறுப்பு.

மத்தியானத்திலிருந்து பொழுதுபடும்வரை காதில் ஹெட்போன், திரையில் கூட்டம். சுற்றிவர நாலு வீடு, ஆட்களெல்லாம் வெளிநாட்டில், நாலும் பூட்டு. கணவன் கிறிஸ்ரி பின்னேரம் கடலில் வலை வைக்கப் போய்க் காலையில் வருவான், வந்ததும் படுத்துவிடுவான். அவன் எழும்பும்போது அவள் கூட்டத்தில் இருப்பாள். கலியாணம் முடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, இதுவும் ஒரு குடித்தனம்!

மீனவர் சங்கத்துக்காக அந்தக் கொம்பனி ஒரு செயலி செய்தது. படகு இறக்க முன் போனில் ஒரு பெட்டி வரும்: ‘எங்கே போகிறீர்கள்?’ இடத்தைச் சொல்லிவிட்டுப் போனால், ஆள் திரும்பாதபோது தேடிப் போகலாம். நல்ல யோசனைதான், யார் இல்லையென்றது? ஆனால் கடலுக்கு இறங்குகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கலாமா? அது சகுனத்தடை என்று தீவுப்பகுதியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நிலக்சனாவுக்கும் தெரியும். கூட்டத்தில் சொன்னால் சிரிப்பார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டு, கேட்டபடி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

செயலி வந்த பிறகு ஒருநாள், காலை ஏழு மணிக்கு வரவேண்டிய கிறிஸ்ரி பத்தாகியும் வரவில்லை. போன் எடுத்தால் அழைப்புப் போகவில்லை. கிறிஸ்ரியைப் போலத் தனிப்படகில் தொழில் செய்யும் பிலிப்பு அண்ணை வாசல் படலையடியில் வந்து நின்றார்.

“பிள்ளை, கிறிஸ்ரி எந்தப் பக்கம் போனவன்? சொன்னியெண்டால் ரண்டு போட்டை எடுத்துக்கொண்டு போவம்.”

“தெரியாது அண்ணை. பொறுங்கோ, செயலியிலை பாக்கிறன்.”

கிறிஸ்ரியின் பெயருக்கு நேரே வெறும் கோடு. நேற்று மட்டுமல்ல, மூன்று மாதமாக அதே கோடு. பெட்டியை மூடிவிட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறான். பிலிப்பு அண்ணையின் பெயருக்கும் கோடு. சங்கத்தில் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.

“நீங்களுமா அண்ணை?”

“போறவனை எங்கை எண்டு கேக்கிற பெட்டிக்கு ஆர் மறுமொழி சொல்லுறது? நீ எழுதினது எண்டு தெரியும். அதாலை ஒண்டும் கதைக்கேல்லை.”

திசை தெரியாமலே அவர் இரண்டு படகோடு போனார்.

நிலக்சனா வாசலில் குந்தியிருந்தாள். கையைப் பிடித்துக்கொள்ளக்கூட அந்த ஒழுங்கையில் ஒரு சனம் இல்லை. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வரவில்லை. உள்ளே கூட்டத்துக்கு அழைத்துக் கணினி கத்தியது, நாசமாய்ப் போக என்று விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு பிலிப்பு அண்ணையின் அழைப்பு வந்தது. எஞ்சின் நின்றுபோய் மிதந்தவனைக் காரைநகர்ப் படகொன்று கண்டு கட்டி இழுத்து வருகிறதாம். கரைக்கு ஓடினாள். உதடு வெடித்து, முகம் கருகி அவன் இறங்கியபோது கட்டிப்பிடித்துக் குழறினாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது.

“அந்தப் பெட்டியிலை ஒரு சொல் எழுதினால் குறைஞ்சே போவியள்? காலமை தொடங்கி நான் செத்துப்போனன்!”

கிறிஸ்ரி அவளை விளங்காமல் பார்த்தான்.

“பெட்டிக்கு ஏன் சொல்லுவான்? உமக்குச் சொல்லிப்போட்டுத்தானே போனனான்.”

“எப்ப?”

“நேற்றுப் பின்னேரம், உம்மடை கதிரைக்குப் பக்கத்திலை நிண்டு. அனலைதீவுக்கு வடக்காலை போயிட்டு வாறன் எண்டனான். எங்கை எண்டு நீர் கேக்கக் கூடாது, அதாலை நானாத்தான் சொல்லிப்போட்டுப் போறனான், ஒவ்வொரு நாளும். நீரும் ஓம் எண்டனீரே.”

ஓம் என்றது அவளுக்கு ஞாபகம் இருந்தது. தினமும்தான், ஹெட்போனைக் கழற்றாமலே, ஓம் என்றிருக்கிறாள். அவன் சொன்ன இடங்களில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.