நாலு பந்திக்கு ஒரு ஹால்

அடையாற்றில் கடற்கரைக்குப் போகும் வழியில் வாங்கிப் போட்டிருந்த மனையில், ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில், சண்முகவேல் ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை ஒட்ட ஒட்ட வைத்து நடந்துகொண்டிருந்தார். தெருவில் போனவர்கள் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். வேண்டுதலாவது ஒன்றாவது. மனிதர் பந்தி போட்டுக்கொண்டிருந்தார்.

கிரகப்பிரவேசத்தன்று நாலு வரிசை இலை போட வேண்டும். பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு இடிபடாமல் நடுவில் நடக்க வேண்டும். அதற்கு எவ்வளவு இடம் ஆகுமோ அவ்வளவு பெரிய ஹால். படுக்கிற அறையும் சமையலறையும் அதுபோக மிச்சமிருக்கும் இடத்தில் ஒண்டிக்கொள்ளலாம். ஊர் உலகத்தில் எல்லோரும் குடியிருக்க வீடு கட்டுவார்கள்; நம்மவர் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்காக வீடு கட்டக் கிளம்பியிருந்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தியாகராய நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்து, கடைக்கு மேலேயே இரண்டு அறையில் குடித்தனம் நடத்துகிறவர். சொந்தக்காரர்கள் வந்தால் பாதிப் பேர் மாடிப்படியில் உட்கார்ந்துதான் காபி குடிப்பார்கள். அண்ணன் அய்யாதுரையோ ஜவுளிக் கடையில் சம்பாதித்து, அதே தியாகராய நகரில் பங்களா கட்டி, வாசலில் தூண் நிறுத்தி, தரைக்கு மொசைக் போட்டு, சொந்தபந்தம் அத்தனையையும் கூப்பிட்டுப் பெரிய ஹாலில் சாப்பாடு போட்டுவிட்டார். அன்றைக்குக் கை கழுவிய இடத்திலேயே சண்முகவேல் தன் மனசுக்குள் ஒரு ஹால் கட்டிவிட்டார்.

அந்த ஹாலுக்கு நட்ட நடுவில்தான் மனையிலிருந்த புன்னை மரம் நின்றது.

மரத்தடியில் அவருடைய மனைவி தங்கம் டிபன் கேரியரைத் திறந்து வைத்திருந்தாள். மகளை மதுரையில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். மனை வாங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவார்கள். வாரம் முழுக்கக் கீழே பாத்திரம் உருளும் சத்தத்திலும், ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கடை போர்டு முகத்தில் இடிக்கிற அறையிலும் கிடக்கிறவள், இங்கே வந்தால் முந்தானையை விரித்துப் படுத்துக் காற்றுக்குக் கண்ணை மூடிக்கொள்வாள். இந்த நிழலில் உட்கார்ந்தால்தான் மூச்சு முழுசாக வருகிறது என்று ஒரு தடவை அவரிடம் சொல்லியிருந்தாள். கல்யாணமானதிலிருந்து நகை நட்டு என்று எதற்கும் வாய் திறக்காத பெண், தனக்கென்று ஆசைப்பட்டது இந்த மரம் ஒன்றுக்குத்தான்.

வடிவேலு மேஸ்திரி வந்தார். சண்முகவேல் காட்டிய இடங்களில் முளையடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டே போனார். நாலு பக்கமும் போட்டு முடித்துப் பார்த்தால், தங்கம் தயிர்சாதத்தோடு ஹாலுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

“மரம் நட்ட நடூல கீது சார். நாளைக்குக் காலீல ஆளுங்கள இட்டாந்து தூக்கிடறேன்” என்றார் மேஸ்திரி. பல் பிடுங்குகிற விஷயம்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

சண்முகவேல் தலையாட்டினார். தங்கம் கேரியரை மூடினாள்.

“நம்ம ரெண்டு பேருக்கு இம்மாம்பெரிய ஹால் எதுக்குங்க? தெனமும் யாரு பெருக்குதது?” என்று கேட்டாள்.

நாலு பேர் வந்து போகிற வீடு நாலு பேர் மெச்சும்படி இருக்க வேண்டாமா, நாளைக்கே ‘தம்பி அண்ணனுக்கு இளைத்தவன்’ என்று பேச மாட்டார்களா, மரம்தானே, வேறு ஒன்று நட்டால் போயிற்று என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். தங்கம் சண்டை போடவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு மோர் கொடுத்தாள். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. அவள் பேசாவிட்டால் சண்முகவேலுக்கு வீட்டில் கால் தரிக்காது. ஆனாலும் வீம்பு விடுமா? அந்த மத்தியானத்திலும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அண்ணன் வீட்டு ஹாலை அளந்து வந்துவிட்டால், தன்னுடையதை ஓர் அடியாவது கூட்டிக் கட்டலாம். டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கத்திரி வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டு வாசல் கதவு பூட்டியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தால் பதில் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அத்தனை பெரிய ஹாலில் ஒரு ஈ, காக்கை இல்லை. சோபாக்கள் எல்லாம் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. எங்கே போனார்கள் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு பாய். அதில் அய்யாதுரை பனியனோடு விசிறிக்கொண்டிருக்க, மதினி சுவரில் சாய்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மாமரத்தின் கொப்பு ஒன்று சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அதன் நிழல் விழுந்த இடத்தில்தான் பாய் கிடந்தது. நிழல் நகர்ந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, பாயை இழுத்துப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார்கள். பழகிப்போன வேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

அய்யாதுரையின் கண் தம்பியின் சட்டைப்பையில் விழுந்தது. டேப் எதற்கு என்று கேட்டார். சண்முகவேலுக்குப் பொய் சொல்ல வராது. அசடு வழிய உண்மையைச் சொல்லிவிட்டார். அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று பயந்தார். அவரோ இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, ‘வாலே’ என்று கூட்டிக்கொண்டுபோய் ஹாலைத் திறந்துவிட்டார். உள்ளே கால் வைத்ததும் சுட்டது. காங்கிரீட் கூரை காலையிலிருந்து வாங்கிய வெயிலையெல்லாம் உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றச் சுற்றச் சூடுதான் கூடியது. டேப்பின் ஒரு முனையை அண்ணனே பிடித்துக்கொண்டார்.

“நல்லா அளந்துக்கோ. தூண் நிக்கிற எடத்துல ரெண்டு வேம்பு நின்னுது, நெனவிருக்கால? நாந்தான் வெட்டச் சொன்னேன். இப்ப அடுத்த வீட்டுக்காரன் நெழல்ல ஒண்டிக்கெடக்கேன். கார் செட் போடணும்னு அவனும் அந்தக் கொப்ப வெட்டப் போறானாம். அதுக்கப்புறம் எங்க போறதுன்னு தெரியலலே.”

ஊரையே அதட்டுகிற அண்ணன், ஒரு மரக்கொப்புக்காகக் கலங்கி நிற்பதைப் பார்க்கச் சண்முகவேலுக்குத் தாங்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

வீம்பு இறங்க ஒரு ராத்திரி ஆயிற்று. மறுநாள் விடிந்ததும் தங்கத்தை எழுப்பி, கிளம்பு, மரத்தை வெட்டவிடக் கூடாது என்றார். ஏன், எதற்கு என்றுகூட அவள் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள். அன்றைக்கென்று பஸ் வருகிற வழியாக இல்லை. இருவரும் மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெரிய கிளை இலையும் பூவுமாகத் தரையில் கிடந்தது. அடிமரத்தில் கோடரி விழ ஆள் கையை ஓங்கியிருந்தான். “நிறுத்துப்பா” என்று சண்முகவேல் போட்ட சத்தத்தில் கோடரி அந்தரத்தில் நின்றது.

தங்கம் விழுந்த கிளையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சண்முகவேல் கூலியாட்கள் பார்க்கிறார்களே என்றும் பாராமல் அவள் பக்கத்தில் குந்தினார்.

“தப்புப் பண்ணிட்டேன் தங்கம். எங்க கட்டணும்னு நீ சொல்லு.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முதல் வேலையாகப் பழைய கோட்டைக் காலால் அழித்தாள். பிறகு மேஸ்திரியிடமிருந்து சுண்ணாம்புத் தூளை வாங்கி, வேருக்கு இடம்விட்டு, மரத்தின் வடக்கே வீட்டை வரைந்தாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, மரத்தைப் பார்த்து நீளமாக ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். கூரைக்கு மங்களூர் ஓடு. கடல்காற்று வருகிற பக்கம் பெரிய ஜன்னல்கள். குளிக்கிற தண்ணீர் வீணாகாமல் மரத்துக்குப் போக ஒரு வாய்க்கால். இன்னா சார், பங்களான்னு பார்த்தா குருவிக் கூடா பூடுச்சே என்று வடிவேலு முகத்தைத் தொங்கப் போட்டார். தங்கம் சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஓர் அறையைக்கூடக் குறைத்துவிடலாம்போல இருந்தது சண்முகவேலுக்கு.

தை மாதம் கிரகப்பிரவேசம். புன்னை நிழலில் பாய் விரித்துப் பந்தி நடந்தது. ரசத்தில் பூ விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். ஆனாலும் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? சரோஜாதேவி என்றொரு சித்தி, எல்லோர் காதிலும் விழும்படி, கடை வைத்து இத்தனை சம்பாதித்தும் இத்தனூண்டு வீடுதானா, பெரியவன் கட்டினானே அதுவல்லவா வீடு என்று ஆரம்பித்தாள். சண்முகவேல் வாளியோடு தலைகுனிந்து நின்றார். தங்கத்தின் முகம் வாடிவிட்டது.

பந்தியில் உட்கார்ந்திருந்த அய்யாதுரை, எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார்.

“அந்த ஹால நான் உங்களுக்காகக் கட்டினேன் சித்தி. நீங்க ஒருநாள் வந்து, மெச்சிட்டு, வெத்தல போட்டுட்டுப் போயிட்டிய. நான் இன்னும் அதுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கேன். என் தம்பி தான் இருக்கதுக்கு வீடு கட்டியிருக்கான். பாக்க வாரவங்களுக்காக யாரும் மரத்த வெட்டாதீங்க. நமக்கு வேணுங்கிற அளவு கட்டிக்கிட்டு, மிச்சத்த மரத்துக்கு விட்டுருங்க. மரத்த வெட்டிக் கட்டுன வீட்டுல, அடுத்தவன் நெழலுக்குத்தான் ஏங்கணும்.”