ஆமாய்க்கு வந்த கடிதம்

சியாமென் அஞ்சலகத்தில் முகவரி புரியாத கடிதத்துக்குச் செத்த கடிதம் என்று பெயர். அதைப் பிழைக்க வைப்பது பிக்லியனின் வேலை. மூன்று நாள் கெடு. அதற்குள் ஆள் அகப்படாவிட்டால் மேற்பார்வையாளர் பூன்தெக் முத்திரை குத்திக் கழிவுச் சாக்கில் போட்டுவிடுவார். குத்துவதில் மனிதருக்கு அலாதி இன்பம்.

அன்று மூன்றாம் நாள். செபுத் தீவிலிருந்து வந்த உறையில் "ஆமாய், குலாங்சு, கிணற்று வீடு" என்று பழைய ஆங்கில எழுத்துமுறையில் இருந்தது. ஊர்ப் பெயர்களுக்குப் புது எழுத்துமுறை வந்து மூன்று வருடம் ஆகிறது. புதுப் பட்டியலில் ஆமாய் இல்லை என்று கடிதம் ஏழு மாதம் ஊர் சுற்றியிருந்தது. ஆமாய் சியாமென்தான், குலாங்சு எதிரே தெரிகிற தீவுதான். மாதா கோவில் பள்ளியில் படித்த பிக்லியனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு நாள் படகேறித் தீவு முழுக்கக் கிணற்று வீட்டை விசாரித்தும் அப்படி ஒரு வீடே அகப்படவில்லை.

"பேர் என்னம்மா?" என்றார் பூன்தெக். ஆங்கில எழுத்து அவருக்குப் படிக்க வராது.

"ஏதோ செல்லப் பேருங்க ஐயா." அதிகாரி முன் அதைச் சொல்ல அவளுக்கு வாய் கூசியது.

"செல்லமாம்! நாலு மணிக்குக் குத்திருவேன்."

அனுப்பியவர் முகவரி இல்லை, "அக்கா" என்று மட்டும் இருந்தது. கடல் கடந்த அண்ணனின் கடிதத்துக்கு ஏங்கியே செத்தவள் பிக்லியனின் அம்மா. இது மட்டும் சாக்குக்குப் போகக் கூடாது.

நாலு மணி. முத்திரை உயர்ந்தது. பிக்லியன் வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"கிணத்து வீட்டு நாய்ப்பீ! இங்க நாய்ப்பீ யாருங்க?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. கண்ணேறு படாமலிருக்க வைக்கிற பெயர்தான், ஆனாலும் இப்படியா?

"அவன் நல்லா நாறுவானே, மோந்து பாரு தாயி!" என்றாள் வரிசையின் முதலில் நின்ற மீன்காரி ஒருத்தி.

பூன்தெக் மட்டும் சிரிக்கவில்லை. காது சிவந்துவிட்டது. முத்திரையை மெல்லக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா," என்றார். "அந்தக் கிணத்து வீட்டை இடிச்சு முப்பது வருஷம் ஆச்சு. அக்கா கப்பலோட முங்கிட்டான்னு சொன்னாங்க..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் போல வரிசையின் கடைசியில் போய் நின்றார். மீன்காரி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் இடத்தை அவருக்கு விட்டாள்.

பிக்லியன் பதிவேட்டை நீட்டினாள்.

"எந்தப் பேர்ல கையெழுத்துப் போட?" என்று குசுகுசுத்தார்.

"உறையில இருக்கிற பேர்லதான், ஐயா. விதின்னு நீங்கதானே சொல்லுவீங்க."

போட்டார். நாய்ப்பீ என்று, கோணல் இல்லாமல், பெரிய எழுத்தில்.