கொப்பளிக்கும் சத்தம்

என் மனைவி பூங்காவனத்தின் பல் வேர்கள் அரித்துப்போனதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குத் தொண்டையில் கட்டி. கதிர்வீச்சு கொடுத்துக் குணமாக்கினார்கள். ஆனால் வாயில் எச்சில் ஊறுவது நின்றுபோனது. காய்ந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும், அதுவும் ஈறு இறங்கி வெளியே தெரிகிற வேரில் என்றார் கரையான்சாவடி பல் டாக்டர் கார்த்திகா.

"முத்தினா புடுங்கிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க சார். கதிர்வீச்சு பட்ட தாடை. புடுங்கின புண்ணு ஆறாமலே போயிடலாம்."

அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல்லுக்கு ஃப்ளோரைடு பூச்சு. வீட்டில் தினமும் இரண்டு வேளை, ஃப்ளோரைடு அதிகமுள்ள தனி பேஸ்ட். தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை பூங்காவனம் பல் தேய்த்துத் துப்பினாள், துண்டால் வாயைத் துடைத்தாள், நேரே சாமி படத்துக்கு விளக்கேற்றப் போனாள். எனக்கு வந்ததே கோபம்!

"இன்னாடி இது? வாய்கூட கொப்பளிக்காம எச்சி வாயோட சாமிகிட்ட போற?"

"கொப்பளிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களே. மருந்து பல்லுல நிக்கணுமாம்."

"அந்தம்மா ஆயிரம் சொல்லும். என் ஊட்ல இந்த அசிங்கம்லாம் வாணாம். போய் கொப்பளி."

போனாள். கட்டி வந்த காலத்தில் வலிக்குப் பயந்து பேச்சைக் குறைத்தவள், பிறகு அதைக் கூட்டவே இல்லை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருடமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். குவார்ட்டர்ஸிலும் அதே புத்தி. தினமும் ஹாலில் நின்று ஒரு செருமல் செருமுவேன். உள்ளே கொப்பளிக்கும் சத்தம் கேட்க வேண்டும். அப்புறம்தான் விளக்கு, காபி எல்லாம்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. போன வாரம் டாக்டர் அவள் கீழ்ப்பல் வேரை ஒரு கருவியால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"நாலு பல்லுல வேர் மெதுமெதுன்னு ஆயிருக்கே. அம்மா, தேய்ச்சதும் கொப்பளிக்கிறீங்களா?"

பூங்காவனம் என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்து மறந்து கொப்பளிச்சிடறேம்மா."

"இப்படி மறந்தா எப்படிம்மா? மருந்தத் தடவி, தடவின கையோட கழுவி விடறீங்களே!" என்றவர் என்னைப் பார்த்தார். "நீங்களாவது ஞாபகப்படுத்தக் கூடாதா சார்?"

"சரிங்க" என்றேன். பாவி, அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

இன்னும் குழி விழவில்லை, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் வேர் மறுபடி கெட்டிப்படலாம் என்றார். கெட்டிப்படாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க எந்த மூஞ்சி இருந்தது?

ஸ்கூட்டரில் பருத்திப்பட்டு வரை வந்துவிட்டோம். அப்புறம் ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன் பூங்கா என்னைச் சொல்லல?"

"சின்னப் பொண்ணு அது. உங்களப் போய்த் திட்டுனா பாக்க நல்லாவா இருக்கும்?"

 வண்டியைத் திருப்பினேன். "இப்ப எதுக்குங்க?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கியும் நிற்கவில்லை. கிளினிக்கில் காத்திருந்த அத்தனை பேர் முன்னால் டாக்டரிடம் சொன்னேன்: "அவ மறக்கலம்மா. நான்தான் தினம் நின்னு கொப்பளிக்க வெச்சேன்." டாக்டர் திட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இனிமே வைக்காதீங்க சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். "இனிமே கொப்பளிக்காத. நீ நுரை வாயோடவே விளக்கேத்து, சாமி ஒண்ணும் கோச்சிக்காது." தலையாட்டினாள்.

மறுநாள் காலை அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொண்டையில் ஏதோ கரகரவென்றது. செருமினேன்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

எண்ணெய்க் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பூங்காவனம் இரண்டு கன்னமும் உப்ப, வாய் நிறையத் தண்ணீரோடு, நான் இருக்கும் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள், எனக்குச் சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று.