நாற்பது, நாற்பது, நாற்பது

கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியும் மாமியார் மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டிப்ளமா' என்பார். மின்னியல் படித்த பெண் என்ற பெருமை அதில் துளியும் கிடையாது. குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தின் பக்கம் அவளை அண்டவிட்டதும் இல்லை.

அன்று காலை இயந்திரத்துக்குச் சூடு தரும் கம்பிச் சுருளான காயில் கருகிப்போனது. உள்ளே நானூறு முட்டைகள், பதினைந்தாம் நாள். மெக்கானிக் இரண்டு நாள் ஆகும் என்று கையை விரித்துவிட்டார். முப்பத்தேழரை டிகிரியில் நிற்க வேண்டியது முப்பத்து நான்குக்கு இறங்கியிருந்தது. மதியத்துக்குள் சூடு வராவிட்டால் அத்தனையும் பாழ்.

"அத்தை, நான் பாக்கறேன்."

"இது பாடப் புத்தகம் இல்லம்மா. உள்ள உசிரு இருக்கு."

"அதனாலதான் கேக்கறேன்."

கருகிய காயிலில் அறுபது ஓம் என்று பொறித்திருந்தது. அலமாரியில் மூன்று புதுக் காயில்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் நாற்பது ஓம்.

"மூணையும் ஒண்ணு பின்னால ஒண்ணா கட்டிட வேண்டியதுதானே?"

"நூத்தி இருபது ஆயிடும். பாதி சூடுதான் வரும்."

"அப்ப பக்கத்துல பக்கத்துல கட்டு."

"பதிமூணு சொச்சம். போட்ட உடனே ஃபியூஸ் போயிடும்."

மாமியாருக்கு முகம் தொங்கிப்போனது. மருமகளோ ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ரெண்ட மட்டும் பக்கத்துல கட்டினா, ரெண்டும் சேந்து இருபது. அதுக்குப் பின்னால மூணாவது நாப்பது. மொத்தம் அறுபது."

கட்டி முடித்து மீட்டரை வைத்தாள். அறுபது புள்ளி இரண்டு. ஸ்விட்சைப் போட்டாள். ஒரு காயில் செக்கச்செவேல் என்று சிவந்தது. மற்ற இரண்டும் தேமே என்று இருந்தன.

"போச்சுடா! கணக்குல கோட்ட விட்டுட்டியா?"

"இல்ல அத்தை. அந்த ஒண்ணு வழியாத்தான் மொத்த மின்சாரமும் போயாகணும். இதுங்க ரெண்டும் பாதிப் பாதியா பிரிச்சுக்குது. அதான் அத மட்டும் ஃபேனுக்கு நேரா வச்சேன். காத்து சூட்ட எல்லாத் தட்டுக்கும் கொண்டுபோயிடும்."

பதினொரு மணிக்கு முப்பத்தேழரை. மாமியார் ஒரு முட்டையை எடுத்து டார்ச்சின் மேல் வைத்தார். உள்ளே கருநிழல் ஒன்று வெடுக்கென்று அசைந்தது. முட்டையைத் திரும்பத் தட்டில் வைத்தார். சிவந்த காயிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மாமா போனதுலேருந்து பதினொரு வருஷம் நானும் இப்படித்தான் ஒத்தையா எரிஞ்சுக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு கேட்டார்: "ரெண்டு பேரா நின்னா ஆளுக்குப் பாதி சூடா?"

"பாதி மின்சாரம் அத்தை. சூடு கால்வாசிதான்."

மாமியார் இடுப்பிலிருந்து இயந்திரக் கதவின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சாயங்காலம் முட்டை திருப்பணும். மேல் ரெண்டு தட்டு உன்னோடது."